சிக்னலைத் தெருவிளக்குக் கம்பத்திலேயே மாட்டலாமா?

சேலத்தில் எந்த முனையைப் பார்த்தாலும் கம்பம் கம்பமாக நிற்கிறது, நடைபாதையில் ஆள் நடக்க இடமில்லை, வெளிநாடுகளில் சிக்னல் விளக்கைத் தெருவிளக்குக் கம்பத்திலேயே மாட்டிவிடுகிறார்களாமே, நம் ஊரில் ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். செய்யவும் வேண்டும். ஆனால் இன்றைக்கு நிற்கிற கம்பத்தில் நாளைக்கு ஏணி சாத்தி மாட்டிவிடுகிற வேலை இல்லை இது. எந்தக் கம்பம், எந்த இடம், எந்த ஒயர், யார் பொறுப்பு என்று நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. தெருவிளக்கு, சிக்னல் இரண்டிலும் ஒப்பந்தக்காரர்களிடம் சைட் இன்ஜினியராக முப்பது வருடம் ஓடியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

போன வாரம் அழகாபுரம் பக்கம் ஒரு முனையில் பேரனுக்காகக் காத்திருந்தபோது எண்ணிப் பார்த்தேன். இருபதடி நடைபாதைக்குள் ஒன்பது கம்பங்கள். ஒரு இ.பி. போஸ்ட். அதை ஒட்டி மாநகராட்சித் தெருவிளக்கு. நான்கடி தள்ளி சிக்னல் கம்பம். பாதசாரி சிக்னலுக்குத் தனியாக ஒரு குட்டைக் கம்பம். கேமராவுக்கு ஒன்று. தெருப் பெயர்ப் பலகைக்கு இரண்டு கால். 'நோ பார்க்கிங்' பலகைக்கு ஒன்று. ஒன்பதாவது வெறும் குழாய், மேலே எதுவுமே இல்லை. எப்போதோ எதற்கோ நட்டு, பலகை போய், கால் மட்டும் மிச்சம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண் அந்த இடம் வந்ததும் யோசிக்கவே இல்லை, வண்டியைச் சாலையில் இறக்கிவிட்டார். பழகிப்போயிருக்கிறது.

நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டி சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் கடந்து போகிற அளவு அது. நம் நடைபாதைகள் பலவற்றின் மொத்த அகலமே அவ்வளவுதான். அதில் ஓர் ஓரமாகக் கம்பம் நின்றால்கூட அரை மீட்டர் போய்விடும். ஒன்பதும் ஒரே கோட்டில் நிற்பதும் இல்லை. ஒன்று நடைபாதையின் விளிம்புக் கல் ஓரம், ஒன்று நடுவில், ஒன்று கடைச் சுவர் ஓரம். பார்வையில்லாதவர் கோலைத் தட்டிக்கொண்டு வந்தால் அவருக்கு இது நடைபாதை இல்லை, காடு. ஆகவே உங்கள் கேள்வி அழகு பற்றிய கேள்வி மட்டும் இல்லை. அதனால்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

வெளிநாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் பெரிய சந்திப்புகளில் சிக்னல் தொங்கும் கம்பத்தின் தலையிலேயே தெருவிளக்கும் இருப்பது வெகுநாளாக உள்ள வழக்கம். ஜெர்மனியிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். பிரிட்டனில் சாலை ஓரத்தில் கம்பமும் பலகையும் குவிவதைக் குறைப்பது ஒரு கொள்கையாகவே பேசப்பட்டது. லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கம்பித் தடுப்புகளை அகற்றி, பலகைகளையும் சிக்னல்களையும் முடிந்தவரை விளக்குக் கம்பங்களுக்கு மாற்றினார்கள். விபத்து கூடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். கூடவில்லை, குறைந்தது. ஆனால் அதே பிரிட்டனில் வேறு பல ஊர்களில் இது நின்றுபோனது. காரணம் தொழில்நுட்பம் இல்லை. தெருவிளக்குகளை 25 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் கொடுத்திருந்தார்கள். சிக்னல் பராமரிப்பு வேறு ஆளிடம். "என் கம்பத்தில் உன் பெட்டியா?" என்ற கேள்வியிலேயே வேலை நின்றது. நம் ஊருக்கும் அந்தக் கேள்வி வரும், பின்னால் சொல்கிறேன்.

இப்போது நம் கம்பங்களைப் பார்ப்போம். சேலத்தில் 'லைட் கம்பம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு ஜாதி இருக்கிறது, நான்கும் ஒன்றில்லை.

முதலாவது இ.பி. போஸ்ட். மின்வாரியத்தின் சிமெண்ட் கம்பம். அதில் ஒரு இரும்புக் கையை மாட்டித் தெருவிளக்கு வைத்திருப்பார்கள். உள் தெருக்களில் பெரும்பாலும் இதுதான். இதில் சிக்னல் மாட்டுகிற பேச்சே வேண்டாம். மேலே உயிருள்ள லைன் போகிறது. சிக்னலைத் துடைக்க ஏறுகிறவனுக்கும் அந்த லைனுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அங்கே கிடைக்காது. ஒயரை உள்ளே விடவும் வழியில்லை, வெளியில்தான் சுற்ற வேண்டும்.

இரண்டாவது பழைய இரும்புக் குழாய்க் கம்பம். அடியில் பருமனாக, நடுவில் கொஞ்சம் சிறுத்து, மேலே இன்னும் சிறுத்து, மூன்று அடுக்காக இருக்கும். வயது தெரியாத கம்பங்கள். மண்ணும் காற்றும் சேருகிற இடத்தில் துரு பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டினால் மேலே ஒரு சத்தம், அடியில் ஒரு சத்தம் வரும். நாய்கள் காலைத் தூக்குவதும் அங்கேதான், மனிதர்களும் விதிவிலக்கு இல்லை. அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடும். பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும். இதிலும் வேண்டாம்.

மூன்றாவது ஹைமாஸ். பெரிய சந்திப்புகளின் நடுவே உயரமாக நிற்பது. இவ்வளவு பெரிய கம்பத்தில் நான்கு சிக்னல் மாட்டினால் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஹைமாஸில் விளக்குகள் ஒரு வளையத்தில் இருக்கும். பழுது பார்க்க அந்த வளையத்தைக் கம்பத்தின் அடியில் உள்ள வின்ச்சால், அதாவது கம்பிக்கயிறு சுற்றும் உருளையால், கீழே இறக்குவார்கள். வளையம் கம்பத்தைச் சுற்றி வழுக்கிக்கொண்டு ஆள் உயரம் வரை வரும். நடுவில் ஒரு சிக்னல் பெட்டியை மாட்டினால் வளையம் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் விளக்கை மாற்ற ஒவ்வொரு முறையும் கிரேன் வைக்க வேண்டியதுதான்.

நான்காவதுதான் நமக்கு வேண்டியது. எட்டுப் பட்டைக் கம்பம், ஆக்டகனல் என்பார்கள். துத்தநாகப் பூச்சு போட்டது, அடியில் தகடு வைத்து நான்கு போல்ட்டில் நிற்பது, இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கதவு இருப்பது. அகலமான சாலைகளின் ஓரத்திலும் நடுத்திட்டிலும் இருபது இருபத்தைந்து வருடமாக வைத்து வருவது பெரும்பாலும் இதைத்தான். சேலம் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த பிறகு புதிதாக நட்டவற்றிலும் இந்த வகைதான் அதிகம் கண்ணில் படுகிறது. சிக்னல் மாட்டலாமா என்று யோசிக்கத் தகுந்தது இது ஒன்றுதான். யோசிக்கத்தான் தகுந்தது, அதிலும் உடனே மாட்ட முடியாது. காற்று இருக்கிறது.

எடையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். எடை ஒரு விஷயமே இல்லை. எல்.இ.டி. சிக்னல் பெட்டியை ஒரு ஆள் தோளில் வைத்து ஏறிவிடுவான். கம்பத்தைச் சாய்ப்பது காற்று. கோடை மழைக்கு முன்னால் ஏற்காடு மலைப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு ஒரு காற்று வருமே, அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்று என்று வைத்துக் கணக்குப் போடுவோம். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 90 கிலோ அழுத்தும். 9 மீட்டர் கம்பம், மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு. விளக்கின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் உச்சியில் இருப்பதால் அடியில் 80 கிலோ-மீட்டர் அளவுக்கு (தூரம் இல்லை, தள்ளுகிற கிலோவை உயர மீட்டரால் பெருக்கியது) வளைக்கும். கம்பத்தின் உடம்பில் படும் காற்று இன்னொரு 330. ஆக மொத்தம் 410. இப்போது 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று விளக்கு சிக்னலை, பின்னால் கறுப்புப் பலகையோடு, மூன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டுகிறோம். அந்தப் பலகை மட்டுமே முக்கால் சதுர மீட்டருக்கு மேல் இருக்கும், 0.9 என்று வையுங்கள். 80 கிலோ தள்ளும், அடியில் 280 கூடும். 410 தாங்கினால் போதும் என்று செய்த கம்பத்தில் 690. மூன்றில் இரண்டு பங்கு பாரம் ஒரே நாளில் ஏறிவிட்டது. வடிவத்துக்கான பெருக்கல், பாதுகாப்புக்கான பெருக்கல் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. அளவு புரிவதற்காகச் சொன்னேன். ஒரே கம்பத்தில் இரண்டு பக்கம் பார்த்து இரண்டு சிக்னல், ஒரு கேமரா, ஒரு ஊர்ப் பெயர்ப் பலகை என்று ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சாலைக்கு மேலே நீட்டிய கையில் சிக்னல் தொங்கவிட்டால் கதை இன்னும் வேறு. நான்கு மீட்டர் கையின் நுனியில் அதே 80 கிலோ தள்ளினால் கம்பம் வளைவது மட்டுமில்லை, முறுக்கும். அந்தச் சின்னக் கதவு இருக்கிறதே, அங்கே கம்பத்தின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. முறுக்கலுக்கு அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். ஆகவே நீட்டிய கை வேண்டுமென்றால் அதற்கென்று செய்த தடித்த கம்பம்தான். அதன் உச்சியில் தெருவிளக்கை வைத்துக்கொள்ளலாம், தாராளமாக.

என் யோசனையும் இதுதான். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். சிக்னலை விளக்குக் கம்பத்துக்குக் கொண்டுபோவதைவிட, விளக்கைச் சிக்னல் கம்பத்துக்குக் கொண்டுவருவது எளிது. ஏனென்றால் சிக்னல் நிற்க வேண்டிய இடத்தை நாம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நிறுத்தக் கோட்டுக்குச் சற்றே முன்னால், வண்டியோட்டியின் கண்ணில் நேராகப் படும்படி ஒன்று, சந்திப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒன்று. விளக்குக் கம்பங்கள் அப்படி இல்லை. 25, 30 மீட்டருக்கு ஒன்று என்று சீராக வந்துகொண்டிருக்கும். சந்திப்பு எங்கே வருகிறது என்று அது பார்ப்பதில்லை. அந்த வரிசையில் ஒரு கம்பம் சரியாக நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் வந்து விழுந்தால் அதிர்ஷ்டம். கம்பம் இருக்கிறதே என்று பத்து மீட்டர் தள்ளி சிக்னலை மாட்டினால் முதல் வரிசையில் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரருக்குத் தலையைத் திருப்பினால்தான் தெரியும். திருப்ப மாட்டார், பின்னால் அடிக்கிற ஹார்னைக் கேட்டுக் கிளம்புவார். ஆனால் சிக்னல் கம்பத்தையே 9 மீட்டராகச் செய்து தலையில் விளக்கை வைத்துவிட்டால், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற விளக்குகளைச் சற்றே நகர்த்தி வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வெளிச்சம் இரண்டு மீட்டர் நகர்ந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இடத்தோடு சேர்ந்து இன்னும் இரண்டு விஷயம். சிக்னலின் அடிப்பாகம் நடப்பவர் தலையில் இடிக்காதபடி இரண்டரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும். சாலைப் பக்கமும் துருத்தக் கூடாது. நம் சாலைகள் ஓரத்துக்குச் சரிவாக இருக்கும், டவுன் பஸ் ஓரம் கட்டும்போது அதன் மேல்பாகமும் கண்ணாடியும் நடைபாதைக்கு மேல் சாய்ந்து வரும். விளக்குக் கம்பம் கல்லை ஒட்டி நின்றால் அதில் மாட்டிய சிக்னல் ஒரு மாதம் தாங்காது. முகம் திரும்பி வானத்தைப் பார்க்கும் சிக்னல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் பின்னணி. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பலகைகள் எரிகிற சாலையில் இரவு எட்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். சிவப்பும் பச்சையும் எங்கும் இருக்கிறது. அதில் எது சிக்னல் என்று கண் ஒரு நொடி தேடும். தலைக்கு மேலே எல்.இ.டி. தெருவிளக்கும் கூசினால் அது இரண்டு நொடி ஆகும். அதற்குத்தான் அந்தக் கறுப்புப் பலகை. காற்றுக்குப் பயந்து பலகையைக் கழற்றிவிட்டு மாட்டுகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. பலகையோடு தாங்குகிற கம்பம் கிடைக்காவிட்டால் மாட்டவே வேண்டாம்.

சரி, ஒயருக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமானது இதுதான்.

தெருவிளக்கு இரவில் எரிகிறது. சிக்னல் பகலிலும் எரிய வேண்டும். சொல்லத் தேவையே இல்லாத விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் தெருவிளக்குக் கம்பங்கள் வரிசையாக ஒரு பெட்டியிலிருந்து கரண்ட் வாங்குகின்றன. அந்தப் பெட்டியில் ஒரு டைமர் இருக்கிறது. மாலையில் போடும், காலையில் நிறுத்தும். பகலில் அந்த வரிசை முழுவதும் செத்த ஒயர். அதனால் தெருவிளக்குக்காரர்கள் பகலில்தான் வேலை செய்வார்கள். வருடக்கணக்கில் அந்தப் பழக்கம் கையில் ஊறிவிடும். பகல் என்றால் கரண்ட் இல்லை.

இப்போது அந்தக் கம்பத்துக்குள் சிக்னலுக்கு இன்னொரு ஒயர் வருகிறது. அது 24 மணி நேரமும் உயிரோடு இருக்கும்.

பல வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், இப்படி ஒரு சேர்ந்த கம்பம் நட்டிருந்தார்கள். அந்த வேலை எங்களுடையது இல்லை, பக்கத்தில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். மதியம் இரண்டரை மணி இருக்கும். தெருவிளக்குக்கார ஒயர்மேன் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர், விளக்கு எரியவில்லை என்ற புகாருக்காக அந்தக் கதவைத் திறந்தார். உள்ளே ஒயர்களை ஸ்க்ரூவால் இணைக்கிற டெர்மினல் கட்டை ஒன்றே ஒன்று. இரண்டு ஒயரும் அதில்தான் வந்து உட்கார்ந்திருந்தன, இரண்டும் ஒரே நிறம். அவர் டெஸ்டரை எடுக்கவில்லை, முப்பது வருடமாகப் பகலில் எடுத்ததில்லை. ஸ்க்ரூவில் கை வைத்தார். நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் போய் விழுந்ததை மட்டும்தான் பார்த்தேன். சத்தமே இல்லை. செருப்பு போட்டிருந்ததும், தரை காய்ந்திருந்ததும், கை விடுபட்டு விழுந்ததும் அவரைக் காப்பாற்றின. கை விரல்களில் இரண்டு கறுத்திருந்தன. எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "பகல்தானே?" என்று. அதை நான் மறக்கவில்லை.

அதனால் எந்த ஊரில் சேர்ந்த கம்பம் பற்றிப் பேசினாலும் நான் முதலில் உள்ளே எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். இரண்டு கதவு வேண்டும். விளக்குக்கு ஒன்று, சிக்னலுக்கு ஒன்று, வேறு வேறு சாவி. இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ளே ஒரு தடுப்பு வேண்டும். ஒரே கதவுதான் என்றால் இரண்டு தனித்தனி மூடிய பெட்டிகள், இரண்டு எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்), கதவைத் திறந்ததும் முகத்தில் படுகிற மாதிரி தமிழில் ஒரு பலகை: இந்தக் கம்பத்தில் இரண்டு கரண்ட் உண்டு, ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது. எர்த் மட்டும் சேர்ந்துதான் இருக்க வேண்டும். கம்பம் ஒரே இரும்பு, அதற்கு ஒரே நல்ல எர்த். கசிந்தால் தானே துண்டிக்கிற பிரேக்கர் இரண்டு பக்கமும் வேண்டும்.

இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. எல்.இ.டி. வந்த பிறகு ஒரு சிக்னல் விளக்குக்குப் பத்து வாட் அளவு போதும், பழைய குண்டு பல்பு காலத்தில் அறுபது நூறு என்று இருந்தது. அதனால் சிக்னலுக்கு 230 வோல்ட்டைக் கம்பம் வரை கொண்டுவர வேண்டியதே இல்லை. பிரிட்டனில் 48 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். நம் ஊரிலேயே சோலார் சிக்னல்கள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. சிக்னலை இயக்குகிற கண்ட்ரோலர் பெட்டியிலேயே வோல்ட்டைக் குறைத்து, குறைந்த வோல்ட்டை மட்டும் கம்பத்துக்குள் விட்டால், அந்த ஒயர்மேனின் விரல் கறுத்திருக்காது. சேர்ந்த கம்பம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் குறைந்த வோல்ட் என்றும் எழுத வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மழையையும் சேர்த்துப் பாருங்கள். கதவு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும்படிதான் நடுவார்கள். அப்புறம் சாலைக்கு ஒரு படை தார், நடைபாதைக்கு ஒரு படை கல், மறுபடி ஒரு படை. பத்து வருடத்தில் கதவு கணுக்கால் உயரத்துக்கு வந்துவிடும். அடித்தகடும் போல்ட்டும் மண்ணுக்குள் போய்விடும், துரு பிடிப்பதே தெரியாது. ஒரு மணி நேரம் கொட்டினால் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடங்கள் சேலத்தில் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். தெருவிளக்கை மட்டும் வைத்திருந்தால், பகல் மழையில் அந்தக் கம்பத்தில் கரண்டே இருக்காது. சிக்னலும் சேர்ந்தால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து மழையிலும் உயிர் இருக்கும். குறைந்த வோல்ட் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

ஆடித் திருவிழாவையும் மறக்க வேண்டாம். கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊர் முழுக்க சீரியல் செட் கட்டுவார்கள். எதில் கட்டுவார்கள்? கையில் கிடைக்கிற கம்பத்தில். சிக்னல் முகத்துக்கு முன்னால் பச்சை சிவப்பு பல்பு தொங்கும். கம்பத்துக் கதவைத் திறந்து கரண்ட் எடுப்பதும் நடக்கும். திருவிழாவைக் குறை சொல்லவில்லை, நானும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான். சேர்ந்த கம்பம் என்றால் கதவுக்குச் சாதாரண முக்கோணச் சாவி போதாது, பண்டிகைக்கு என்று தனியாக ஒரு பிளக் பாயிண்ட் வேறு இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி யார் பொறுப்பு என்ற கேள்வி. தெருவிளக்கு மாநகராட்சியுடையது. சிக்னலை ஓட்டுவது போக்குவரத்துக் காவல். சாலை சில இடத்தில் மாநகராட்சி, சில இடத்தில் மாநில நெடுஞ்சாலைத் துறை, வெளிச்சுற்றில் தேசிய நெடுஞ்சாலை. கரண்ட் மின்வாரியத்திடமிருந்து. சிக்னலை அமைத்தது பல இடங்களில் விளம்பரத்துக்காகப் பணம் கொடுத்த தனியார். ஒரு லாரி இடித்து அந்தக் கம்பம் சாய்ந்தால் யார் முதலில் வர வேண்டும்? இன்று சிக்னல் கம்பம் சாய்ந்தால் சிக்னல் மட்டும் போகும், வெளிச்சம் இருக்கும், போலீஸ்காரர் நின்று கை காட்டுவார். சேர்ந்த கம்பம் சாய்ந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும், இருட்டில் நின்று கை காட்ட வேண்டும். இது இந்த ஏற்பாட்டின் உண்மையான குறை, மறைக்கக் கூடாது. இதற்கு மருந்து எழுத்தில் ஒரு ஒப்பந்தம்தான். கம்பம் மாநகராட்சியுடையது. சிக்னல் பெட்டியும் அதன் ஒயரும் மட்டும் சிக்னல் பராமரிப்பவருடையது. கம்பத்தில் எதைக் கூடுதலாக மாட்டுவதானாலும் கம்பத்துக்காரரின் கையெழுத்து வேண்டும். ஓட்டை போடக் கூடாது, துத்தநாகப் பூச்சில் ஓட்டை விழுந்தால் அங்கிருந்து துரு ஆரம்பிக்கும், துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். இதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

நம் ஊரில் எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், நான் 'ஐந்து ரோடு' சந்திப்பில் ஆரம்பிக்க மாட்டேன். 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே நிலைமையே வேறு. பாலத்தின் தூண்கள் ஏற்கெனவே கண்ணை மறைக்கின்றன, அங்கே இன்னொரு கம்பம் நடுவதே வீண். தூணிலேயே பட்டை கட்டி சிக்னலை மாட்டலாம், வெளிச்சத்துக்குப் பாலத்தின் அடிப்பாகம் இருக்கிறது. பட்டைதான் கட்ட வேண்டும், தூணில் துளை போட நெடுஞ்சாலைத் துறை சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது.

சாரதா கல்லூரி சாலை மாதிரி, அகலம் ஓரளவு இருந்து, நடைபாதையில் ஆட்களும் நிறைய நடக்கிற சாலைதான் சரியான இடம். சாலையையோ நடைபாதையையோ எப்படியும் தோண்டிப் புதுப்பிக்கிற சமயம் பார்த்துச் செய்ய வேண்டும். குழாய் புதைப்பதும் அடித்தளம் போடுவதும்தான் செலவில் பெரிய பங்கு, தோண்டியிருக்கும்போது அது குறையும். அப்படி ஒரு சந்திப்பின் நான்கு முனையிலும் 9 மீட்டர் சேர்ந்த கம்பம் நட்டு, சிக்னல், பாதசாரி சிக்னல், கேமரா, தெருப்பெயர், 'நோ பார்க்கிங்' பலகை, விளக்கு ஆறையும் அதில் ஏற்றி, அந்த வெறும் குழாயையும் பிடுங்கிவிட்டால், நான் எண்ணிய ஒன்பதில் இரண்டுதான் மிஞ்சும். ஒன்று இ.பி. போஸ்ட், ஒன்று இது.

அதற்கு முன்னால் அந்த இடத்தில் சிக்னலே வேண்டுமா என்றும் கேளுங்கள். கோவையில் அண்மை ஆண்டுகளில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வருகிற யூ டர்ன் முறைக்கு மாற்றினார்கள். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, நடந்து கடப்பவருக்குச் சிரமமும் கூட. ஆனால் எடுத்துவிட்ட கம்பம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஏற்காட்டைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்குப் போலீஸ்காரர்தான் தீர்வு. ஏரிப் பக்கத்தில் பலகைகளுக்கென்று நட்ட குழாய்களைப் பிடுங்கி, பலகைகளை விளக்குக் கம்பத்துக்கு மாற்றினாலே நடக்க வழி கிடைக்கும்.

பலகைகளை மாற்றுவதைச் சேலத்திலும் நாளைக்கே ஆரம்பிக்கலாம். சின்னப் பலகைக்குக் காற்று அதிகம் பிடிக்காது, ஒயர் கிடையாது, யார் விரலும் கறுக்காது. நல்ல ஆக்டகனல் கம்பத்தில் பட்டை போட்டுக் கட்டினால் முடிந்தது. அந்த ஒன்பதாவது வெற்றுக் குழாயைப் பிடுங்க அரை மணி நேரமும் கட்டிங் மெஷினும் போதும். பிடுங்கின இடத்தில் கல்லைச் சரியாகப் பதித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அரை அடிக் கால் மிச்சம் விட்டால் அது கம்பத்தைவிட மோசம், இரவில் தடுக்கும்.

மனு கொடுப்பதாக இருந்தால் 'கம்பங்கள் அதிகம்' என்று பொதுவாக எழுத வேண்டாம். ஒரே ஒரு முனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அந்த முனையை வரைந்து, ஒவ்வொரு கம்பத்துக்கும் அது எதற்கு, கல் ஓரத்திலிருந்து எத்தனை அடி, தெருவிளக்கு என்றால் அதில் பெயிண்டில் எழுதிய எண் என்ன என்று குறியுங்கள். வேலை இல்லாத கம்பங்களுக்குச் சிவப்பு வட்டம் போடுங்கள். பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போட்டோ எடுங்கள். ஒரு பிரதி மாநகராட்சிக்கு, ஒரு பிரதி போக்குவரத்துக் காவலுக்கு, இரண்டிலும் மற்றவருக்கும் கொடுத்திருக்கிறேன் என்று எழுதுங்கள். அளக்கப் போகும்போது கம்பத்துக் கதவு திறந்து கிடந்தால் கை வைக்காதீர்கள், பகலாக இருந்தாலும். போட்டோ எடுத்து அந்த எண்ணோடு முதலில் அதை அனுப்புங்கள்.